ஒரே வடிகால், பல ஊராட்சி: கூட்டுப் பேரிடர் தணிப்புத் திட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி, கார்த்திகையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தால் காவிரி டெல்டாவில் எல்லா ஊரிலும் ஒரே பேச்சுதான்: "இந்த வருஷமாவது தண்ணி வடியுமா?" நான் கடைமடைப் பக்கம், அதாவது பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் பகுதியில், ஒரு சிறிய ஊராட்சியில் ஒரு முறை வார்டு உறுப்பினராக இருந்தவன். இப்போதும் சம்பா சாகுபடி செய்கிறேன். வெள்ளத்தையும் புயலையும் ஊருக்கு ஊர் தனித்தனியாகச் சமாளிப்பதை விட்டுவிட்டு, ஒரே வடிகாலில் இருக்கும் ஊராட்சிகள் சேர்ந்து ஒரே திட்டமாக எழுதிக்கொள்ளலாமே என்று சில ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். கிராம சபையிலும் களத்துமேட்டிலும் டீக்கடையிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கூட்டுப் பேரிடர் தணிப்புத் திட்டம் என்றால் என்ன? புயல் வந்த பிறகு சோறு போடுவதா?

இல்லை. அது நிவாரணம். தணிப்பு என்பது மழைக்கும் புயலுக்கும் முன்னால் செய்கிற வேலை: வடிகாலைத் திறந்து வைப்பது, பலவீனமான கரையை உயர்த்துவது, குறுகலான குழாய்ப் பாலத்தை அகலப்படுத்துவது, தாழ்வான தெருவில் இருப்பவர்கள் எங்கே போவது என்று முன்பே பேசி வைப்பது. இதையெல்லாம் ஒரு ஊராட்சி தன் எல்லைக்குள் மட்டும் யோசிக்காமல், ஒரே தண்ணீரைப் பங்குபோடும் ஊராட்சிகளும் பேரூராட்சியும் நகராட்சியும் உட்கார்ந்து ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு மன்றத்திலும் தீர்மானம் போட்டு ஏற்றுக்கொண்டால் அதுதான் கூட்டுத் திட்டம்.

மாவட்டத்துக்கு ஏற்கெனவே ஒரு திட்டம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பேரிடர் மேலாண்மை ஆணையம் உண்டு. ஆட்சியர் அதன் தலைவர், உள்ளாட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவர். மாவட்டத் திட்டத்தில் எந்த ஊர் அதிக ஆபத்தில் இருக்கிறது, எந்த மண்டபம் முகாமாகும், எந்த அலுவலருக்கு எந்தப் பொறுப்பு என்பதெல்லாம் இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் ஊர் மயானச் சாலைக்கு அடியில் கிடக்கும் குழாய் இரண்டடியா மூன்றடியா என்பது மாவட்ட அலுவலகத்துக்கு எட்டாது. எட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அந்த விவரம் ஊரில்தான் இருக்கிறது. அதே சட்டம் மாவட்ட அளவிலான அலுவலகங்களோடு உள்ளாட்சிகளும் தங்களுக்கென்று திட்டம் தயாரிக்க வேண்டும் என்கிறது. அதைத் தனித்தனியாக எழுதி அலமாரியில் வைப்பதா, சேர்ந்து எழுதுவதா என்பதுதான் நாம் முடிவு செய்ய வேண்டியது.

எங்கள் ஊராட்சி தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதாதா?

போதாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பலருக்கு இங்கேதான் மனம் ஒப்புவதில்லை.

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வெண்ணாறு நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் (தலைப்பு என்றால் ஆறோ வாய்க்காலோ தொடங்கும் இடம்) வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மீண்டும் பிரிகிறது. அதற்குக் கீழே அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு என்று விரல் விரலாகப் போய்க் கடலைத் தொடுகிறது. பாசனத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஆறு, கீழே போகப்போக மேட்டு ஊர்களின் வடிகாலாகவும் ஆகிவிடுகிறது. மேலே ஒருவன் வடித்த தண்ணீர் கீழே இன்னொருவனுக்குப் பாசனம். மழைக்காலத்தில் அதே தண்ணீர் அவனுக்கு வெள்ளம். தரையோ தட்டு மாதிரி கிடக்கிறது. வாட்டம் மிகக் குறைவு என்பதால் ஒரு இடத்தில் அடைத்தால் பல கிலோமீட்டர் மேலே வரைக்கும் தண்ணீர் ஏறி நிற்கும்.

2022 நவம்பரில் சீர்காழியில் 24 மணி நேரத்தில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒரு ஏக்கர் வயலில் அது எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் சுமார் 17.8 லட்சம் லிட்டர். உங்கள் ஊரில் 500 ஏக்கர் இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். அத்தனையும் கீழ் ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும்.

அந்த மழையில் எங்கள் பக்கத்திலும் தண்ணீர் நின்றது. நட்டு நாற்பது நாள் ஆன சம்பா, நுனி மட்டும் தெரிகிறது. எங்கள் எல்லைக்குள் வடிகாலை நாங்கள் சுத்தமாக வெட்டி வைத்திருந்தோம். ஆனாலும் மூன்று நாளாகத் தண்ணீர் அசையவில்லை. நான்காம் நாள் இரவு எங்கள் ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகக் கிளம்பிவிட்டார்கள். கீழ் ஊர்ச் சாலை குறுக்கே நிற்கிறது, அதை வெட்டிவிட்டால் தண்ணீர் ஓடிவிடும் என்று. அங்கே போனால் அந்த ஊர்க்காரர்கள் டார்ச் லைட்டோடு நிற்கிறார்கள். வாய்ச்சண்டை கைகலப்பு ஆகுமுன் இரண்டு ஊர்ப் பெரியவர்களும் வந்து நிறுத்தினார்கள். அவர்கள் தரப்பில் ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ரோட்டை வெட்டிட்டா எங்க ஊருக்கு ஆம்புலன்ஸ் வராதுண்ணே. ரெண்டு புள்ளத்தாச்சி இருக்காங்க."

விடிந்ததும் இரண்டு ஊராரும் சேர்ந்து பார்த்தோம். மேலே எங்கள் பாலம் பன்னிரண்டு அடி அகலம். கீழே அவர்கள் சாலைக்கு அடியில் இரண்டடிக் குழாய் இரண்டு. அதில் ஒன்று முழுக்க அடைந்திருந்தது: ஆகாயத்தாமரை, வைக்கோல், உரச் சாக்கு, நடுவே ஒரு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. கொக்கி போட்டு இழுத்து எடுக்க அரை நாள் ஆனது. சாயங்காலத்துக்குள் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. அவர்கள் அந்தக் குழாயை வேண்டுமென்றே சின்னதாகப் போடவில்லை. சாலை போட்ட காலத்தில் மேலே எவ்வளவு தண்ணீர் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

அப்படியானால் எந்தெந்த ஊர்கள் சேர வேண்டும்? ஒன்றியத்தை அடிப்படையாக வைக்கலாமா?

ஒன்றிய எல்லையைவிட வடிகாலை அடிப்படையாக வைப்பது நல்லது. ஒரு வடிகால் எங்கே தொடங்குகிறது, எங்கே ஆற்றிலோ கடலிலோ விழுகிறது, அந்த வழியில் இரண்டு கரையிலும் எந்த ஊராட்சிகள் இருக்கின்றன என்று பாருங்கள். ஐந்து வரலாம், பதினைந்து வரலாம். அவை இரண்டு ஒன்றியத்திலோ இரண்டு மாவட்டத்திலோ விழுந்தாலும் பரவாயில்லை. மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமானது. அதற்கு முன் ஒரே மாவட்டமாக இருந்த பகுதிகளுக்கு நடுவே இப்போது மாவட்டக் கோடு போகிறது, தண்ணீர் பழைய வழியிலேயே போகிறது. பெரிய ஆறு முழுவதையும் ஒரே திட்டத்தில் அடக்க ஆசைப்படாதீர்கள். கையில் அடங்கும் ஒரு வடிகாலில் தொடங்குங்கள்.

இப்படிச் சேர்ந்து செயல்படச் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பொதுவான பொறுப்புகளுக்காக உள்ளாட்சிகள் சேர்ந்து கூட்டுக் குழு அமைக்க அனுமதிக்கிறது. அரசியலமைப்பின் 243இசட்டி பிரிவு மாவட்டத் திட்டக் குழுவைப் பற்றியது. ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களை, குறிப்பாகத் தண்ணீர் போன்ற இயற்கை வளங்களைப் பகிர்ந்துகொள்வதைக் கருத்தில் கொண்டே மாவட்ட வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஓர் உள்ளாட்சி தன் எல்லைக்குள் நடக்கும் கட்டுமானங்கள் பேரிடர் தடுப்பு, தணிப்புத் தர விதிகளுக்கு உட்பட்டிருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. இரண்டடிக் குழாய்க் கதைக்கு இந்தப் பிரிவு நேரடியாகப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

நடைமுறையில் நீங்கள் செய்ய வேண்டியது: ஒவ்வொரு கிராம சபையிலும் ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம். பிறகு எல்லாத் தீர்மான நகல்களையும் சேர்த்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புவது. ஒரு ஊராட்சி மனு கொடுப்பதும் ஒன்பது ஊராட்சி ஒரே வரியில் மனு கொடுப்பதும் ஒன்றில்லை.

திட்டத்தில் என்னதான் எழுதுவது?

பேரிடர் என்றால் என்ன, பூகம்பம் எத்தனை வகை என்றெல்லாம் முப்பது பக்கம் எழுதி நிரப்ப வேண்டாம். மேட்டூர் நூறடியைத் தாண்டினாலே கணக்குப் போடத் தெரிந்த ஊர் இது.

முதலில் வடிகால் கணக்கு. கடைசியிலிருந்து தலைப்பு வரை நடந்து, குறுக்கே வருகிற ஒவ்வொரு பாலம், குழாய், மதகு, சட்ரஸ் (ஷட்டர் வைத்த தடுப்பணை), தடுப்பு எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். அகலம், உயரம், யார் கட்டியது, இப்போது என்ன நிலை. இந்தப் பட்டியலை வரிசையாகப் பார்த்தாலே எங்கே தண்ணீர் முட்டும் என்பது தெரிந்துவிடும். குழாய் விஷயத்தில் ஒரு கணக்கு உதவும்: இரண்டடிக் குழாயின் வாய்ப் பரப்பு சுமார் 3.1 சதுர அடி, மூன்றடிக் குழாயினுடையது சுமார் 7.1. ஒரு அடி கூடினால் இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு மூன்றடிக் குழாய், இரண்டு இரண்டடிக் குழாய்களைவிடப் பெரியது. வைக்கோல் சிக்குவதும் குறைவு. அடுத்த முறை சாலை போடும்போது மதிப்பீட்டில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ஆட்கள் கணக்கு. ஒவ்வொரு மதகின் சாவியும் யாரிடம் இருக்கிறது? ஷட்டர் திருகுக்கு எண்ணெய் போட்டு எத்தனை வருடம் ஆனது? இரவு இரண்டு மணிக்கு லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பணியாளர்) வர முடியாவிட்டால் யார் திறப்பது? இது சின்ன விஷயமாகத் தெரியும். துருப்பிடித்த ஒரு திருகால் முந்நூறு ஏக்கர் அழுகியதைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியாது.

மூன்றாவது, பொருள் கணக்கு. எந்த ஊரில் ஜெனரேட்டர், எந்த ஊரில் மரம் அறுக்கும் இயந்திரம், யாரிடம் பொக்லைன், எங்கே படகு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆன ஊர்கள் உண்டு. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டருக்கு அலைந்ததுதான் பலருக்கு நினைவிருக்கும். பத்து ஊராட்சிக்குப் பத்து ஜெனரேட்டர் வாங்க முடியாது. மூன்றை வாங்கி, எந்த ஊருக்கு எந்த நேரம் என்று முறை வைத்துத் தொட்டி நிரப்ப முடியும். அந்த முறையைப் புயலுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சவுக்குக் கட்டை, மணல் மூட்டை இருப்பு, பலவீனமான கரைப் பகுதிகள், பழைய உடைப்பு எடுத்த இடங்கள் இவையும் வரைபடத்தில் இருக்கட்டும். கிராம வரைபடம், அ பதிவேடு (ஊர் நிலங்களின் பட்டியல்), புலப்படம் (நில அளவைப் படம்) எல்லாம் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம். வாய்க்கால் புறம்போக்கு எவ்வளவு அகலம் என்று அதில் இருக்கும். தரையில் எவ்வளவு இருக்கிறது என்று நீங்கள் அளந்து பக்கத்தில் எழுதுங்கள்.

மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் சண்டை வந்தால் திட்டம் நிற்குமா?

சண்டை வரும் என்று எடுத்துக்கொண்டே எழுத வேண்டும். மேட்டு ஊர்க்காரன் உடனே திறக்கச் சொல்வான், தாழ்வு ஊர்க்காரன் இப்போது வேண்டாம் என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

இதற்கு நம்மிடமே ஒரு பழக்கம் இருக்கிறது. தண்ணீர் பற்றாக்குறைக் காலத்தில் முறைப்பாசனம் வைக்கிறோம். இந்த ஆற்றுக்கு இத்தனை நாள், அந்த ஆற்றுக்கு அத்தனை நாள் என்று. கோபம் இருக்கும், ஆனாலும் முறை நடக்கிறது. அதேபோல மழைக்காலத்துக்கு வடிப்பு முறை வைக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. கடைசி மதகுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோல் நடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும்வரை மேலே உள்ள மதகுகள் திறந்தே இருக்கும். கோட்டைத் தொட்டால் மேல் மதகு பாதி. கீழே இறங்கியதும் மறுபடி முழுக்க. யாருக்குச் சாதகம் என்ற பேச்சே வராது, கோட்டைப் பார்த்தால் போதும். சண்டையில்லாத மாசி, பங்குனியில் இரண்டு ஊரும் சேர்ந்து அந்தக் கோட்டைப் போட வேண்டும். வெள்ளம் வந்த பிறகு போடுகிற கோட்டை யாரும் மதிக்க மாட்டார்கள்.

வெட்டினால்தான் வடியும் என்ற நிலையும் வரலாம். அப்போது எந்த இடத்தில், எந்தச் சாலையில், யார் முன்னிலையில் வெட்டுவது, யார் செலவில் எத்தனை நாளில் மூடுவது என்று முன்பே எழுதியிருந்தால் இருட்டில் கடப்பாரை தூக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் நிரந்தரமாக ஒரு பாலம் வேண்டும் என்பது அடுத்த ஆண்டுக் கோரிக்கையில் முதல் வரியாக வரட்டும்.

மழை நேரத்தில் பாசன ஆற்றிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தால்?

டெல்டாவில் கனமழை பெய்யும்போது கல்லணையில் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் விடுவதைக் குறைத்து, வருகிற தண்ணீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிடுவது வழக்கம். மேட்டூரிலும் திறப்பைக் குறைப்பார்கள். ஆனால் அங்கே குறைத்தது கடைமடைக்குத் தெரிய நாளாகும். தலைப்பில் அடைத்தாலும் ஆற்றில் ஏற்கெனவே இருக்கிற தண்ணீர் வந்து முடிய வேண்டுமே. அதனால் வானிலை எச்சரிக்கை வந்த அன்றே உங்கள் பகுதியின் மழையளவையும் ஆற்று மட்டத்தையும் எல்லா ஊராட்சிக்கும் சேர்த்து ஒருவர் நீர்வளத் துறை உதவிப் பொறியாளருக்குச் சொல்லட்டும். ஒன்பது பேர் ஒன்பது விதமாகச் சொன்னால் அவருக்கும் குழப்பம்தான்.

தூர்வாருவது யார் பொறுப்பு? எங்கே தொடங்க வேண்டும்?

ஆறுகளும் 'ஏ', 'பி' என்கிற பெரிய வாய்க்கால்களும் நீர்வளத் துறையிடம். 'சி', 'டி' என்கிற சிறு வாய்க்கால்களில் வேளாண் பொறியியல் துறையும் ஊராட்சிகளும் வேலை செய்கின்றன. பிரச்சினையே இந்தப் பிரிவில்தான். பெரிய வடிகாலை ஒரு வருடம் வெட்டுவார்கள், அதில் வந்து சேரும் சின்னதை வெட்ட மாட்டார்கள். இல்லாவிட்டால் சின்னதை வெட்டிவிட்டுப் பெரியதை விட்டுவிடுவார்கள். இரண்டும் ஒரே பருவத்தில் நடக்க வேண்டும் என்று கேட்கக் கூட்டுத் திட்டம் இருந்தால் வலு கிடைக்கும்.

தொடங்க வேண்டிய இடம் கீழே. வாய்ப் பக்கத்திலிருந்து மேல் நோக்கித்தான் வெட்டி வர வேண்டும். மேலே மட்டும் ஆழமாக வெட்டினால் தண்ணீர் வேகமாக வந்து கீழே தேங்கும். மேல் ஊர் செய்த நல்ல வேலையே கீழ் ஊருக்கு வெள்ளமாகிவிடும். ஒவ்வொரு ஊராட்சியும் தன் எல்லைக்குள் தனக்குத் தோன்றிய வருடத்தில் வெட்டுவதால் வரும் கோளாறு இது. வெட்டிய மண்ணைக் கரையிலேயே போட்டால் முதல் மழைக்கே உள்ளே சரியும் என்பதையும் கவனியுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கை வேரோடு எடுக்காமல் மேலாக வெட்டிப்போட்டால் கிடக்கிற துண்டே மறுபடி முளைத்துக்கொள்ளும்.

வெண்ணாறு பகுதியில் அரிச்சந்திரா, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனுதவியோடு மேம்படுத்தும் திட்டம் ஒன்று நடந்தது. அந்த ஆறுகளில் உங்கள் வடிகால் விழுகிறதா என்று பாருங்கள். ஆற்றுக் கரை உயர்ந்துவிட்டதால் உங்கள் வடிகால் மதகின் மட்டமும் பொருந்துகிறதா என்று ஒருமுறை சரிபார்ப்பது அவசியம்.

பணம் எங்கிருந்து வரும்?

பாதி வேலைக்குப் பணமே தேவையில்லை. அளப்பது, பட்டியல் போடுவது, அளவுகோல் நடுவது, முறை பேசுவது எல்லாம் நம் நேரம்தான். மற்றதுக்கு: கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சியும் கூட்டுத் திட்டத்தின் தன் பகுதியைச் சேர்க்கலாம். ஊரக வேலைத் திட்டத்தில் வாய்க்கால் வேலை எடுக்கலாம். 15-ஆவது நிதிக் குழு 2021–26 காலத்துக்கு மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கென்றே தனியாக ஒதுக்கச் சொன்னது. நிவாரணத்துக்கு மட்டும்தான் பணம் உண்டு என்ற பழைய எண்ணத்தை அது மாற்றியது. அந்த நிதிக்கு ஒரு ஊராட்சி நேரடியாக மனு போட முடியாது. மாவட்டம் வழியாகத்தான் போக வேண்டும். அளவோடும் வரைபடத்தோடும் பல ஊராட்சித் தீர்மானங்களோடும் தயாராக இருக்கும் கோரிக்கையை மாவட்டம் மேலே அனுப்புவது சுலபம்.

கடலோர ஊராட்சிகளுக்கு இதில் என்ன வேலை?

அவர்கள்தான் வாசலில் நிற்கிறார்கள். முகத்துவாரத்தில் மணல் மேவினால் உள்ளே பத்து ஊர் மூழ்கும். அமாவாசை, பௌர்ணமிக் கடலேற்றத்தில் மழையும் சேர்ந்துகொண்டால் கடைமடை மதகைத் திறந்தால் உப்புநீர் உள்ளே வரும், மூடினால் மழைநீர் வெளியே போகாது. எந்த ஆறு மணி நேரம் திறக்கலாம் என்பதைக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் கரையில் சவுக்குத் தோப்பும் மணல்மேடும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் என்ன செய்யும் என்று அங்கே விளக்கத் தேவையில்லை. மணல்மேட்டை இடிக்கவிடாமல் காப்பது ஒரு தணிப்பு வேலை என்று திட்டத்தில் எழுதிவிடுங்கள். மீனவர் ஊர்களில் நாட்டார், ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்வதுதான் நடக்கும் என்பதால் அவர்களை ஆரம்பத்திலேயே அழையுங்கள். கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டால் வர மாட்டார்கள், அது சரியும்கூட.

கொள்ளிடக் கரை ஊர்களுக்கு?

அவர்கள் கதை வேறு. அங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வரும். கர்நாடகத்தில் மழை பெய்து மேட்டூர் நிரம்பினால் உபரி முழுவதும் கொள்ளிடத்தில்தான். நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் போன்ற, ஆற்றுக்குள்ளேயே இருக்கும் திட்டுக் கிராமங்களில் ஆவணி மாதத்திலேயே ஜனங்கள் ஆடுமாட்டோடு கரையேற வேண்டியிருக்கும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்ததையும் பார்த்தோம். இங்கே வடக்குக் கரையும் தெற்குக் கரையும் வேறு வேறு மாவட்டம். மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தால் நம் ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் எந்தப் படி வரை வரும் என்று பழைய வெள்ளங்களை வைத்து இரண்டு கரையும் சேர்ந்து ஒரு அட்டவணை போட்டுக்கொண்டால் பெரிய உதவி. மாடுகளுக்கு வைக்கோல் எங்கே சேமிப்பது என்பதையும் மறக்க வேண்டாம். மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல்தான் பலர் கடைசி நேரம் வரை திட்டிலேயே நிற்கிறார்கள்.

காரைக்கால் நடுவில் இருக்கிறதே?

அரசலாறும் திருமலைராஜனாறும் காரைக்கால் வழியாகத்தான் கடலுக்குப் போகின்றன. அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கே கொம்யூன் பஞ்சாயத்து முறை. தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் அவர்களைக் கூட்டுக் குழுவில் சேர்க்க முடியாது. ஆனால் தகவல் பரிமாற்றத்துக்குச் சட்டம் தடையில்லை. இரு தரப்பு ஆட்சியர் அலுவலகம் வழியாக மதகு நிலவரம், ஆற்று மட்டம், முகத்துவார நிலை மூன்றையும் தினமும் சொல்லிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கேளுங்கள்.

நகராட்சிக்காரர்கள் ஏன் கிராமத்தோடு உட்கார வேண்டும்?

நகரத்துக் கழிவுநீரும் பிளாஸ்டிக்கும் எங்கள் வடிகாலில்தான் வந்து விழுகின்றன. எங்கள் வயல் வடியாவிட்டால் உங்கள் பேருந்து நிலையத்தில் தண்ணீர் நிற்கிறது. இதற்கு மேல் விளக்கம் தேவையா?

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர் இருந்தால்?

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து தனி அலுவலர் நிர்வாகம் வந்தது. டெல்டா ஊர்களும் அதில் அடக்கம். இப்படிப்பட்ட காலங்களில் எதுவும் செய்ய முடியாது என்று இருந்துவிட வேண்டாம். கிராம சபை அப்போதும் கூடும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். வடிகால் தீர்மானத்துக்கு அதைவிடப் பொருத்தமான நாள் எனக்குத் தெரியவில்லை.

இந்தத் திட்டங்களில் யார் விடுபட்டுப் போகிறார்கள்?

நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம் இது. பல ஊர்களில் தலித் மக்களின் தெருக்கள் தாழ்விலும் வாய்க்கால் கரையிலும் இருக்கின்றன. வீட்டுக்குள் முதலில் தண்ணீர் புகுவது அங்கே, கடைசியில் வடிவதும் அங்கே. ஆனால் திட்டம் பேசும் கூட்டத்தில் பேசுபவர்கள் பெரும்பாலும் நிலம் வைத்திருப்பவர்கள், ஆண்கள். அதனால் ஏக்கர் கணக்கு தவறாமல் எழுதப்படும், தெருக் கணக்கு விட்டுப்போகும். சுனாமிக்குப் பிறகு நிவாரண முகாம்களில் சாதிப் பாகுபாடு இருந்ததாகப் புகார்கள் வந்ததை நாம் மறக்கக் கூடாது.

எனவே பாதுகாப்பு மையப் பட்டியல் எழுதும்போது எந்தத் தெரு எந்தக் கட்டடத்துக்கு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அந்தத் தெருவுக்குப் பக்கத்தில் இருப்பது அடுத்த ஊராட்சிப் பள்ளிக்கூடம் என்றால் அங்கேயே போகட்டும். கூட்டுத் திட்டம் இருந்தால் அதற்குக் கேள்வி வராது. படுத்த படுக்கையாக இருப்பவர், மாற்றுத்திறனாளி, டயாலிசிஸ் செய்துகொள்பவர், பிரசவ தேதி நெருங்கியவர் யார் என்று மகளிர் சுயஉதவிக் குழுவினருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தெரியும். அந்தப் பட்டியலைப் புரட்டாசியில் எடுத்து, மாதம் ஒருமுறை திருத்துங்கள். மையத்தில் கழிவறைக் கதவு பூட்டுகிறதா என்று ஒரு பெண் போய்ப் பார்த்துச் சொல்லட்டும். அது சரியில்லை என்பதற்காகவே மழையில் வீட்டைவிட்டு வராதவர்களை எனக்குத் தெரியும்.

பயிர்க் காப்பீடும் இதில் வருமா?

வராது. அது தனி. ஆனால் பயிர் எத்தனை நாள் மூழ்கியது என்று அளவுகோலைப் பார்த்துத் தினமும் எழுதி வைத்தால் கணக்கெடுப்பு வரும்போது பேச உதவும். அடிக்கடி மூழ்கும் தாழ்வு வயலுக்கு சி.ஆர். 1009 சப்-1 போன்ற, இரண்டு வாரம் வரை மூழ்கித் தாங்கும் ரகத்தை வேளாண் அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள்.

எப்போது தொடங்குவது? முதல் நாள் என்ன செய்வது?

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்திருக்கும்போது. அப்போதுதான் வடிகாலின் அடி தெரியும், எந்தக் குழாய் மண்மூடிக் கிடக்கிறது என்பது கண்ணுக்குப் படும். மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன், சித்திரை வைகாசிக்குள் வெட்டு வேலை. புரட்டாசியில் இன்னொரு முறை நடந்து பார்ப்பது, ஷட்டர்களைத் திருகிப் பார்ப்பது, அவசர எண்களை ஒவ்வொரு ஊராட்சிச் சுவரிலும் எழுதுவது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070.

முதல் நாளுக்குப் பெரிய கூட்டம் வேண்டாம். மேல் ஊரிலிருந்து இரண்டு பேர், கீழ் ஊரிலிருந்து இரண்டு பேர், பள்ளிப் பிள்ளை ஒருவர் எழுத, முடிந்தால் பழைய லஸ்கர் ஒருவர். எந்த உடைப்பு எந்த வருடம் எடுத்தது என்று அவருக்கு மனப்பாடமாக இருக்கும். ஒரு டேப், ஒரு நோட்டு, மூங்கில் கழி ஒன்று. வடிகால் ஆற்றில் விழும் இடத்தில் காலை ஆறு மணிக்கு நில்லுங்கள். கழியை உள்ளே விட்டுச் சேறு எத்தனை அடி என்று பாருங்கள். நோட்டில் முதல் வரியாக அதை எழுதிவிட்டு மேற்கே நடக்கத் தொடங்குங்கள்.